காலிஸ் கேள்வி பதில்: ஒரே ஆள், இரண்டு ஆட்டக்காரர்

டர்பன் கிளப் ஆட்டங்களுக்குப் பல வருடமாக ஸ்கோர் எழுதி வருகிறேன். பேட்டிங், பவுலிங் இரண்டிலும் தென்னாப்பிரிக்க அணியைத் தாங்கிய ஜாக் காலிஸைப் பற்றிச் சாட்ஸ்வொர்த், டோங்காட், லெனேசியா என்று பல ஊர்களிலிருந்து நம் தமிழ் அன்பர்கள் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (சாட்ஸ்வொர்த், மாணவர்): ஐயா, காலிஸ் ஆடியதை நான் நேரில் பார்த்ததில்லை. யூடியூபில் பார்த்தால் அப்படியொன்றும் விறுவிறுப்பாகத் தெரியவில்லை. ஏன் எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்?

தம்பி, ஹைலைட்ஸில் காலிஸ் அகப்பட மாட்டார். அணிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், அங்கேதான் இருக்கிறார். ஆறு பேட்ஸ்மேன், ஒரு கீப்பர், நான்கு பவுலர் என்று எடுத்தால் 11 பேர் முடிந்துவிட்டது. வெயில் காயும் மூன்றாம் நாள் மதியம் அந்த நால்வரும் களைத்துப் போனால் பந்தை யாரிடம் கொடுப்பது? ஐந்தாவது பவுலரைச் சேர்த்தால் ஒரு பேட்ஸ்மேன் போய்விடுவார். எல்லா நாட்டு செலக்டர்களும் மண்டையை உடைத்துக்கொள்ளும் கணக்கு இது. தென்னாப்பிரிக்காவுக்கு 18 வருடம் அந்தத் தலைவலி இல்லை. 3 அல்லது 4ஆம் இடத்தில் இறங்கி ரன் குவிப்பவரே பந்தையும் வாங்கி ஓடி வருவார். ஓவர் முடிந்ததும் கேட்ச் பிடிக்க, கீப்பருக்குப் பக்கத்தில் இரண்டாவது ஸ்லிப்பில் போய் நிற்பார்.

கணக்கும் சொல்கிறேன்: 166 டெஸ்ட், 13,289 ரன், சராசரி 55.37, 45 சதம், 292 விக்கெட், 200 கேட்ச். டெஸ்ட்டிலும் ஒருநாள் ஆட்டத்திலும் தனித்தனியாக 10,000 ரன்னையும் 250 விக்கெட்டையும் தாண்டியவர் அவர் ஒருவர்தான்.

கேள்வி (டோங்காட்): நம்ம டர்பன் கிங்ஸ்மீட் மைதானத்தில்தான் தொடங்கி, அங்கேயே முடித்தார் என்கிறார்களே, உண்மையா?

முழு உண்மை. 1995 டிசம்பரில் இங்கிலாந்துக்கு எதிராக 20 வயதுப் பையனாகக் கிங்ஸ்மீடில் இறங்கினார். எடுத்தது 1 ரன். 2013இல் கிறிஸ்துமஸ் அன்று, 'இதுதான் என் கடைசி டெஸ்ட்' என்று அறிவித்துவிட்டு மறுநாள் அதே மைதானத்தில் இந்தியாவோடு ஆட வந்தார்.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. 78 ரன்னோடு தொடர்ந்தார். புல்மேட்டில் எங்கள் பக்கம் பாதிப் பேர் கையில் இந்தியக் கொடி. அவர் தொண்ணூறுகளுக்கு வந்த பிறகு அந்தக் கொடிக்காரர்களும் ஒவ்வொரு ரன்னுக்கும் கைதட்டினார்கள். சதம் வந்தபோது உட்கார்ந்திருந்த ஆளை நான் பார்க்கவில்லை. 115 எடுத்து, ஜடேஜா பந்தில் தோனியிடம் கேட்ச் கொடுத்துப் போனார். தென்னாப்பிரிக்கா 10 விக்கெட்டில் வென்றது. அந்த இன்னிங்ஸில்தான் இந்தியாவின் ராகுல் டிராவிட் டெஸ்ட்டில் எடுத்த 13,288 ரன்னை ஒரே ஒரு ரன்னால் தாண்டினார். கடைசி டெஸ்ட்டில் சதம் அடிப்பவர்கள் மிகச் சிலர். தன் முதல் டெஸ்ட் ஆடிய மைதானத்திலேயே அதைச் செய்தது எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது.

கேள்வி (பீனிக்ஸ்): எங்கள் தாத்தா இன்றுவரை இந்தியாவுக்குத்தான் கைதட்டுவார். காலிஸ் பெயரை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். எப்படிப் புரிய வைப்பது?

புரிய வைக்க வேண்டாம் அம்மா, அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நிறவெறி ஆட்சிக் காலத்தில் கிங்ஸ்மீடில் இந்திய வம்சாவளியினரான நம்மவர்கள் தனியாக ஒதுக்கிய இடத்தில்தான் உட்கார வேண்டும். எவ்வளவு நன்றாக ஆடினாலும் நாட்டு அணியில் இடம் கிடையாது. நம் ஆட்கள் ஆடியது கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில். அங்கே அடித்த ரன்கள் தேசியக் கணக்கில் ஏறவே இல்லை. அப்படி ஒதுக்கப்பட்டவர்கள் வெளியூரிலிருந்து வந்த அணிக்குக் கைதட்டியதில் என்ன ஆச்சரியம்? 1992 நவம்பரில் இந்தியா முதல் முறையாக இங்கே டெஸ்ட் ஆடியதும் கிங்ஸ்மீடில்தான். பிரவீன் ஆம்ரே முதல் டெஸ்ட்டிலேயே சதம் அடித்தார். அந்த நாள் தாத்தாவுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் 2012 ஓவல் டெஸ்ட்டைப் போட்டுக் காட்டுங்கள். நம் டர்பன் பையன் ஹஷிம் ஆம்லா 311, காலிஸ் 182, இருவரும் கடைசிவரை அவுட் ஆகாமல் சேர்ந்து எடுத்தது 377 ரன். அதைப் பார்த்தால் முகம் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பலாம்.

கேள்வி (லெனேசியா): சோபர்ஸா, காலிஸா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

வெஸ்ட் இண்டீஸின் கேரி சோபர்ஸ்தான். ஆனால் ஒரு வார்த்தையோடு விட மனம் வரவில்லை. ரன் சராசரியில் சோபர்ஸ் 57.78, விக்கெட் சராசரியில் (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன், குறைந்தால் நல்லது) 34.03. காலிஸின் விக்கெட் சராசரி 32.65. பார்த்தால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். வித்தியாசம் சுமையில் இருக்கிறது. சோபர்ஸ் 93 டெஸ்ட்டில் 21,599 பந்து வீசினார். காலிஸ் 166 டெஸ்ட்டில் 20,232. அதாவது காலிஸ் ஒரு டெஸ்ட்டுக்குச் சுமார் 20 ஓவர், சோபர்ஸ் ஏறத்தாழ 39 ஓவர். அதுவும் வேகம், விரல் சுழல், மணிக்கட்டுச் சுழல் என்று மூன்று வகை. அதனால்தான் சோபர்ஸ் என்றேன். ஆனால் 18 வருடம் உடம்பு தாங்கியதற்கு அந்த 20 ஓவர் அளவும் ஒரு காரணம் என்பதை மறக்கக் கூடாது.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): தன் ரன்னுக்காக ஆடுபவர், மந்தமானவர் என்ற பேச்சு சரிதானா?

பாதி சரி. 2007 உலகக் கோப்பையில் செயின்ட் கிட்ஸில் ஆஸ்திரேலியா 377 அடித்தது. துரத்தும்போது காலிஸ் 63 பந்தில் 48. அன்று வந்த விமர்சனம் நியாயமானது.

ஆனால் டெஸ்ட்டில் அந்த நிதானம்தான் சொத்து. 1997இல் மெல்போர்னில் கடைசி நாள், எதிரே ஆஸ்திரேலியச் சுழல் மன்னன் ஷேன் வார்ன். 22 வயதில் கிட்டத்தட்ட 6 மணி நேரம் நின்று 101 அடித்து ஆட்டத்தைக் காப்பாற்றினார். அதுதான் முதல் டெஸ்ட் சதம். 2011 ஜனவரியில் கேப் டவுனில் விலா எலும்பு வலியோடு இந்தியாவுக்கு எதிராக 161, பிறகு ஆட்டமிழக்காமல் 109. அடிக்கத் தெரியாதவரும் இல்லை. டெஸ்ட்டில் 97 சிக்ஸர் வைத்திருக்கிறார். 2005இல் ஜிம்பாப்வேக்கு எதிராக 24 பந்தில் அரைசதம், அன்றைக்கு அது உலக சாதனை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1998இல் டாக்காவில் நடந்த ஐசிசி (சர்வதேச கிரிக்கெட் கவுன்சில்) நாக் அவுட் கோப்பையின் அரையிறுதியில் சதம், இறுதி ஆட்டத்தில் 30 ரன்னுக்கு 5 விக்கெட். 2025இல் லார்ட்ஸில் டெஸ்ட் சாம்பியன்ஷிப் வெல்லும்வரை நம் ஆண்கள் அணியிடம் இருந்த ஒரே ஐசிசி கோப்பை அதுதான்.

கேள்வி (வெருலம்): ஜெர்சியில் 65 ஏன்?

அவருடைய அப்பா 65 வயதில் காலமானார். அவர் நினைவாகப் போட்டுக்கொண்டது.

கேள்வி (சாட்ஸ்வொர்த், ஒரு தந்தை): என் மகனுக்கு 13 வயது. ஓப்பனிங் பேட்டிங், ஓப்பனிங் பவுலிங் இரண்டும் செய்கிறான். பள்ளி, கிளப், வீட்டில் வலைப்பயிற்சி என்று தினமும் பந்து வீசுகிறான். சரியா?

சரியில்லை ஐயா. வளரும் வயதில் வேகப்பந்தை அதிகமாக வீசினால் கீழ் முதுகெலும்பில் மெல்லிய விரிசல் வரும். பள்ளிக் கோச்சுக்குக் கிளப் கணக்குத் தெரியாது, கிளப் கோச்சுக்குப் பள்ளிக் கணக்குத் தெரியாது. அதனால் நீங்களே ஒரு நோட்டில் வலைப்பயிற்சிப் பந்துகளையும் சேர்த்து எழுதுங்கள். வாரத்தில் சில நாள் பந்தைக் கையில் தொடவே விடாதீர்கள். குனிந்து நிமிரும்போது ஒரு பக்கம் மட்டும் முதுகு வலிக்கிறது என்றால் தைலம் தடவிச் சமாளிக்காமல் டாக்டரிடம் போங்கள். பேட்டிங்கை எவ்வளவு வேண்டுமானாலும் ஆடட்டும். காலிஸும் முதலில் பேட்ஸ்மேன்தான்.

கேள்வி (மவுண்ட் எட்ஜ்கோம்ப்): நம்ம செனுரன் முத்துசாமி அடுத்த காலிஸ் ஆவாரா?

ஆக வேண்டியதில்லை, அவர் வேலை வேறு. டர்பனில் பிறந்த நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. பேட்ஸ்மேனாக வளர்ந்து இடக்கைச் சுழலில் தேறினார். 2019இல் விசாகப்பட்டினத்தில் முதல் டெஸ்ட், முதல் விக்கெட்டே விராட் கோலி. அப்புறம் நெடுங்காலம் வெளியே காத்திருந்தார். 2025இல் லாகூரில் ஒரே டெஸ்ட்டில் 11 விக்கெட், ராவல்பிண்டியில் ஆட்டமிழக்காமல் 89, குவாஹாட்டியில் இந்தியாவுக்கு எதிராக 109.

காலிஸின் இடத்துக்கு ஆள் தேடினால் வியான் முல்டரைப் பாருங்கள். லார்ட்ஸ் இறுதி ஆட்டத்தில் அவரை 3ஆம் இடத்தில் இறக்கிப் பந்தும் வீசச் சொன்னது அந்தப் பழைய கணக்குத்தான். முத்துசாமிக்குப் போட்டி கேசவ் மகராஜோடு, அவரும் டர்பன்காரர். ஆசிய மைதானங்களில் இருவரையும் சேர்த்து எடுக்கலாம். நம்மூர்ப் பிட்சில் ஒரு சுழலுக்குத்தான் இடம் என்றால், முத்துசாமியை 6ஆம் இடத்து பேட்ஸ்மேனாகவே கருதி எடுக்க வேண்டும் என்பேன். அதற்கான ரன்னை அவர் அடித்துவிட்டார்.