கசப்பு எந்த ஸ்பாட்டில் இருக்கிறது? மூலிகைச் சேர்மங்கள் பற்றிய கேள்வி பதில்

மூலிகைகளிலிருந்து சேர்மங்களைப் பிரித்து, அவை என்னவென்று கண்டறியும் வேலையில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மேடம், கீழாநெல்லியில் வேலை தொடங்கப் போகிறேன். உலர்ந்த செடி ஐந்து கிலோ கையில் இருக்கிறது. எந்தக் கரைப்பானில் ஆரம்பிக்கட்டும்?

கரைப்பானைப் பிறகு பார்ப்போம். அந்த ஐந்து கிலோவும் ஒரே இனம்தானா? ஃபில்லாந்தஸ் அமாரஸ், டெபிலிஸ், மதராஸ்பட்டென்சிஸ் எல்லாமே கீழாநெல்லி என்ற பெயரில் ஒரே கட்டில் கலந்து வரக்கூடியவை. பழைய கட்டுரைகள் பலவற்றில் நிரூரி என்று எழுதியிருப்பது உண்மையில் அமாரஸ்தான். ஃபில்லாந்தின் என்ற லிக்னான் வகைச் சேர்மத்தைத் தேடுகிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது அமாரஸ். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

பூவும் காயும் உள்ள ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, தாவரவியலாளரிடம் காட்டி, ஹெர்பேரியத்தில் (உலர்செடிக் காப்பகம்) வைத்து வவுச்சர் எண் (அந்த மாதிரியின் பதிவு எண்) வாங்குங்கள். பறித்த இடம், தேதி, செடியின் எந்தப் பகுதி என்பதையும் எழுதி வையுங்கள். பொடியாக்கிய பிறகு கண்ணால் பார்த்து இனம் சொல்ல முடியாது. அதனால் இதை இப்போதே செய்துவிடுங்கள்.

கேள்வி: சாக்ஸ்லெட்டில் (சூடான கரைப்பானைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டுச் சாறு எடுக்கும் கருவி) போட்டால் ஒரே நாளில் முடிகிறது. குளிர்முறையில் ஊறவைத்தால் ஒரு வாரம் ஆகிறது. தரத்தில் வித்தியாசம் உண்டா அக்கா?

சேர்மத்தைப் பொறுத்தது. எது இருக்கிறது என்றே தெரியாத செடியில் முதல் முறை நான் சாக்ஸ்லெட் போட மாட்டேன். மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் கதையை நினைத்துப் பாருங்கள். சீனாவில் தூ யூயூ குழுவினர் சூடாக எடுத்த சாறுகளில் செயல்பாடு நிலையாக இல்லை. 1971-ல் சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதருக்கு மாறிய பிறகுதான் சாறு வேலை செய்தது. அந்த மூலக்கூறின் உயிர்நாடி ஒரு பெராக்சைடு பாலம். சூட்டில் செயல்பாடு கெட்டுவிடலாம் என்பதுதான் அவர்கள் யோசனை. அந்த வேலைக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ரோட்டாவாப்பில் (கரைப்பானை ஆவியாக்கும் சுழல் கருவி) வற்றவைக்கும்போதும் அதன் வெந்நீர்க் குளியலை 40 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். ஒரு வாரம் ஊறவைத்துக் காப்பாற்றியதை அரை மணி நேரத்தில் வேகவைத்துவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: இலைச்சாறு முழுக்கப் பச்சையாக, பிசுபிசுவென்று இருக்கிறது. காலத்தில் (column, சேர்மங்களைப் பிரிக்கும் பொருள் நிரப்பிய குழாய்) போட்டால், பிரிந்து வரும் எல்லா ஃபிராக்‌ஷனிலும் பச்சை.

குளோரோஃபில். மெத்தனால் சாற்றில் பத்து சதவீதம் அளவுக்குத் தண்ணீர் சேர்த்து, ஹெக்ஸேனோடு மூன்று முறை குலுக்கிப் பிரியுங்கள். பச்சையும் கொழுப்பும் பெரும்பாலும் ஹெக்ஸேனுக்குப் போய்விடும். அந்த ஹெக்ஸேனைக் கொட்டிவிடாதீர்கள், அதையும் சோதித்துப் பார்க்க வேண்டும். மிச்சப் பச்சையை செஃபடெக்ஸ் எல்ஹெச்-20 என்ற ஜெல்லில் மெத்தனால் ஓட்டிக் கழிக்கலாம்.

கேள்வி: கச்சாச் சாறு பாக்டீரியாவை நன்றாகத் தடுத்தது. சிலிகா காலம் போட்டு இருபது ஃபிராக்‌ஷன் எடுத்தேன். ஒன்றில்கூடச் செயல்பாடு இல்லை. ஆறு மாத உழைப்பு போனதா?

போகவில்லை. முதலில் தராசுக்கு வாருங்கள். காலத்தில் ஏற்றியது எத்தனை கிராம், இருபது ஃபிராக்‌ஷனையும் கூட்டினால் எத்தனை கிராம்? 5 கிராம் ஏற்றி 3 கிராம்தான் வந்திருக்கிறது என்றால் மீதி சிலிகாவிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைசியில் சுத்த மெத்தனால், பிறகு துளி அசிட்டிக் அமிலம் சேர்த்த மெத்தனால் விட்டுக் கழுவிப் பாருங்கள்.

எடை சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம், சேர்மம் சிலிகாவில் சிதைந்திருக்கலாம். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. சதுர டிஎல்சி பிளேட்டின் (சிலிகா பூசிய தகடு; கரைப்பான் ஏறும்போது சேர்மங்கள் அதில் தனித்தனி ஸ்பாட்டுகளாக, அதாவது புள்ளிகளாகப் பிரியும்) ஒரு மூலையில் சாற்றை வைத்து ஓட்டுங்கள். காயவைத்து, ஒரு மணி நேரம் அப்படியே விட்டு, 90 டிகிரி திருப்பி, அதே கரைப்பானில் மறுபடி ஓட்டுங்கள். சிதையாத சேர்மங்கள் எல்லாம் மூலைவிட்டக் கோட்டில் வரிசையாக நிற்கும். கோட்டை விட்டு விலகி நிற்கும் ஸ்பாட் சிலிகா மேல் மாறிப்போனது. அப்படி ஏதாவது தெரிந்தால் சி18 என்ற வேறு வகை நிரப்புப் பொருளுக்கோ செஃபடெக்ஸுக்கோ மாறிவிடுங்கள்.

மூன்றாவது, டானின் (செடிகளில் துவர்ப்புத் தரும் பொருள்). டானின் புரதங்களைப் பற்றிக்கொள்வதால் பல சோதனைகளில் பொய்யான செயல்பாடு காட்டும். சிலிகாவில் அது ஒட்டிக்கொண்டதும் 'செயல்பாடு' காணாமல் போகும். கச்சாச் சாற்றைப் பாலிஅமைடு வழியாக விட்டு டானினை நீக்கி, மறுபடி சோதியுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால்தான் கூட்டுச் செயல்பாடு பற்றி யோசிக்க வேண்டும். மரமஞ்சளின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பெர்பெரின் தனியாக பாக்டீரியாவைக் கொல்வதில் பலவீனமானது, ஏனென்றால் பாக்டீரியா அதைப் பம்ப் செய்து வெளியே தள்ளிவிடும். பெர்பெரிஸ் செடியில் அதோடு இருக்கும் மெத்தாக்ஸிஹிட்னோகார்பின் அந்தப் பம்பை அடைக்கிறது என்று 2000-ல் கண்டார்கள். தனியாக அதற்குக் கொல்லும் சக்தி கிடையாது. அதனால் உங்கள் ஃபிராக்‌ஷன்களை இரண்டிரண்டாகக் கலந்தும் சோதியுங்கள். இருபதையும் எடை விகிதப்படி சேர்த்தால் பழைய செயல்பாடு திரும்புகிறதா என்பதுதான் முதல் சோதனை.

கேள்வி: ஜிசி-எம்எஸ்ஸில் (சேர்மங்களை ஆவியாக்கிப் பிரித்து நிறையை அளக்கும் கருவி) முப்பது சேர்மங்களின் பெயர் வந்திருக்கிறது. கட்டுரை எழுதலாமா?

அந்தப் பெயர்களை மட்டும் வைத்து எழுதாதீர்கள். கணினி நூலகத்தில் இருப்பதில் எது கிட்டத்தட்டப் பொருந்துகிறதோ அதன் பெயரை இயந்திரம் சொல்கிறது, அவ்வளவே. ஆவியாகாத கிளைகோசைடுகளும் டானின்களும் அந்தப் பட்டியலுக்குள் வரவே வராது. ரிடென்ஷன் இன்டெக்ஸ் (சேர்மம் வெளிவரும் நேரத்தைக் குறிக்கும் ஒப்பீட்டு எண்) ஒப்பிட்டு, முடிந்தால் சுத்தமான மாதிரியை அதே கருவியில் ஓட்டிப் பார்த்து எழுதினால் மதிப்பு உண்டு.

கேள்வி: நிலவேம்பிலிருந்து 12 மில்லிகிராம் வெள்ளைப் படிகம் கிடைத்தது. நிறை நிறமாலையில் 373.1985. அதன் கசப்புச் சேர்மமான ஆண்ட்ரோகிராஃபோலைடு என்று எழுதிவிடலாமா?

இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டும். 373.1985 சோடியம் ஒட்டிய அயனி என்று கொண்டால், சோடியத்தைக் கழித்தால் 350.2093. கார்பன் 20, ஹைட்ரஜன் 30, ஆக்சிஜன் 5 என்ற வாய்பாட்டுக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் இதே வாய்பாட்டில் வேறு டைட்டர்பீன்களும் (20 கார்பன் அடிப்படையில் அமைந்த சேர்மங்கள்) உண்டு.

இந்த வாய்பாட்டில் வளையங்களும் இரட்டைப் பிணைப்புகளும் சேர்த்து ஆறு இருக்க வேண்டும். டிஎம்எஸ்ஓ கரைப்பானில் புரோட்டான் என்எம்ஆர் (ஒவ்வொரு ஹைட்ரஜனும் எந்தச் சூழலில் இருக்கிறது என்று காட்டும் நிறமாலை) எடுங்கள். 2.50-ல் இருப்பது கரைப்பான், 3.33 அருகே இருப்பது தண்ணீர், இரண்டையும் ஒதுக்குங்கள். 4.63, 4.82 என்று இரண்டு கூர்மையான சிகரங்கள் தெரிகின்றனவா? ஹெச்எஸ்க்யூசியில் (எந்தப் புரோட்டான் எந்தக் கார்பனில் ஒட்டியிருக்கிறது என்று காட்டும் என்எம்ஆர்) இரண்டும் 108-ஐ ஒட்டிய ஒரே கார்பனைக் காட்டினால், அது வளையத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மெத்திலீன். 6.6 அருகே ஒற்றைப் புரோட்டானும் 170-ல் ஒரு கார்பனும் இருந்தால், இரட்டைப் பிணைப்போடு ஒட்டிய லாக்டோன் (வளைய எஸ்டர்). இரண்டு இரட்டைப் பிணைப்பு, ஒரு கார்பனைல் என்று மூன்று ஆயிற்று. மிச்சம் மூன்றும் வளையங்கள்: டெக்கலினில் (ஒட்டிய இரண்டு ஆறு-கார்பன் வளையங்கள்) இரண்டு, லாக்டோனில் ஒன்று.

இனி ஹெச்எம்பிசி, அதாவது இரண்டு மூன்று பிணைப்பு தள்ளியிருக்கும் கார்பன்களைக் காட்டும் என்எம்ஆர். மெத்திலீன் புரோட்டான்கள் எந்தெந்தக் கார்பனைத் தொடுகின்றன என்று ஒவ்வொன்றாகத் தாளில் வரைந்து இணையுங்கள். முழு எலும்புக்கூடும் உங்கள் கையாலேயே உருவாகும். எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த மணித்துளிகள் அவை. கடைசியாக நோஸி (எந்தப் புரோட்டான்கள் அருகருகே இருக்கின்றன என்று காட்டும் என்எம்ஆர்), ஒளிச்சுழற்சி, பிறகு அறியப்பட்ட மதிப்புகளோடு ஒப்பீடு. நன்றாகப் படிகமாகும் பொருள் இது, எக்ஸ்ரே எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள்.

எல்லாச் சேர்மமும் இத்தனை சுலபமாகப் பிடிகொடுக்காது. வேம்பின் அசாடிராக்டினை 1968-ல் பிரித்தெடுத்தார்கள், சரியான அமைப்பு 1985-ல்தான் தெளிவானது.

கேள்வி: எந்தத் தரவுத்தளத்திலும் இல்லாத சேர்மம் கிடைத்திருக்கிறது. புதியதுதான் என்று எப்படி நம்புவது?

முதலில் அது செடியிலிருந்துதான் வந்ததா என்று பாருங்கள். ஒரு வேரின் ஹெக்ஸேன் பகுதியிலிருந்து நிறமற்ற எண்ணெய் ஒன்று எனக்குக் கிடைத்தது. என்எம்ஆரில் 7.70, 7.53 என்று அழகான இரட்டைச் சிகரங்கள், 4.2-ல் ஆக்சிஜனை ஒட்டிய புரோட்டான்கள். மூன்று மாதம் அதற்குச் செலவிட்டேன். நிறை 391, உடைந்த துண்டு 149 என்று பார்த்தபோதுதான் புரிந்தது, அது பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட். பிளாஸ்டிக் குழாயிலிருந்து கரைந்து வந்திருந்தது. அன்றிலிருந்து செடி போடாமல் கரைப்பானை மட்டும் அதே பாதையில் ஓட்டி வற்றவைத்து, மிச்சத்தை முதலில் பார்க்கிறேன்.

இன்னொன்று, நாமே உண்டாக்கும் சேர்மங்கள். பெர்பெரின் காரச் சூழலில் அசிட்டோனோடு சேர்ந்துவிடும். சில ஆல்கலாய்டுகள் டைகுளோரோமீத்தேனோடு வினைபுரியும். அமிலம் கலந்த மெத்தனால் மெத்தில் எஸ்டர் உண்டாக்கும். உங்கள் புதுச் சேர்மத்தில் மெத்தில் எஸ்டர் இருந்தால், மெத்தனாலே தொடாமல் கொஞ்சம் செடியை எடுத்து மறுபடி பாருங்கள்.

கேள்வி: டிபிபிஹெச் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் சோதனையில் என் சேர்மம் நல்ல ஐசி50 (பாதி விளைவுக்குத் தேவையான செறிவு) தந்தது. மருந்தாகுமா?

அந்தச் சோதனையை வைத்துச் சொல்ல முடியாது. பெரும்பாலான ஃபீனால்கள் அதில் தேறும். மஞ்சளில் உள்ள குர்குமின் எத்தனையோ சோதனைகளில் தேறிய பொருள். அது நிலையற்றது, உடலில் மிகக் குறைவாகவே சேர்கிறது, பல சோதனைகளைக் குழப்புகிறது என்று 2017-ல் விரிவாகவே எழுதினார்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் டிஎல்சி மட்டும்தான் இருக்கிறது மேடம். நாங்கள் எதுவுமே செய்ய முடியாதா?

தாராளமாகச் செய்யலாம். ஒரே சாற்றை மூன்று பிளேட்டில் ஓட்டுங்கள். ஒன்றில் டிராகன்டார்ஃப் வினைப்பொருளைத் தெளியுங்கள், ஆரஞ்சு நிறம் வந்தால் ஆல்கலாய்டு இருக்கலாம். இரண்டாவதில் வனிலின்-கந்தக அமிலம் தெளித்துச் சூடாக்குங்கள், டர்பீன்கள் பெரும்பாலும் ஊதா, நீலம் என்று எழும்பும். மூன்றாவதில் எதுவும் தெளிக்காமல், கரைப்பான் முழுக்க ஆவியான பிறகு, தீங்கற்ற பாக்டீரியா கலந்த அகாரை மெல்லிய படலமாக ஊற்றி ஒரு இரவு அடைகாத்து, எம்டிடி சாயம் விடுங்கள். உயிருள்ள பாக்டீரியா ஊதாவாகும். எந்த ஸ்பாட்டின் மேல் நிறமில்லாத வட்டம் தெரிகிறதோ, அதே உயரத்தில் முதல் இரண்டு பிளேட்டிலும் என்ன நிறம் இருக்கிறது என்று பாருங்கள். பிளேட்டுகளின் படத்தை அனுப்புங்கள், அடுத்து எந்தக் கரைப்பானில் காலம் போடலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.