இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் ராணியையே வரைந்த ஓவியர் கடனாளியானது எப்படி?

அரசவை ஓவியர் என்றால் பணத்தில் புரண்டிருப்பார் என்றுதான் நினைப்போம். நிக்கோலஸ் ஹில்லியர்ட் கதை வேறு. எக்ஸிடர் நகரப் பொற்கொல்லரின் மகன். தொழில் பழகியதும் ராணியின் பொற்கொல்லரிடம்தான். 1572 முதல் ராணியை வரைந்தார். எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும் படங்கள். சீட்டுக்கட்டு அட்டையில் மெல்லிய கன்றுத்தோலை ஒட்டி அதில் வரைவார். நகை மின்ன வேண்டிய இடத்தில் வெள்ளியைப் பூசி, சிறு காட்டு விலங்கின் பல்லால் தேய்த்துப் பளபளக்க வைப்பார்.

சரி, சம்பளம்? ஆண்டுக்கு 40 பவுண்டு உதவித்தொகை கிடைத்ததே 1599-ல்தான். அதுவரை படத்துக்குப் படம் காசு. எலிசபெத்துக்குப் பின் வந்த ஜேம்ஸ் மன்னரும் அவரை வைத்துக்கொண்டார். ஆனால் 1605-ல் மன்னரின் மனைவி ஆன் தேர்ந்தெடுத்தது ஐசக் ஆலிவரை, ஹில்லியர்டிடமே பயின்றவர்! 1617-ல் அரச உருவப்படங்களுக்கு 12 ஆண்டு ஏகபோக உரிமை கிடைத்தது. அதே ஆண்டு கடனுக்காக லட்கேட் சிறைக்கும் போனார்.