‘தள்ளுபடி எவ்வளவு?’ என்று ஆரம்பிக்காதீர்கள்!

புது கார் வாங்கப் போகிறவர்களைக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்ததில் பாதிக்கு மேல் ‘எந்த வண்டி நல்ல வண்டி’ ரகம். அதை விட்டுவிடுகிறேன், அதற்கு ஊரில் ஆளுக்கொரு பதில் இருக்கிறது. ஷோரூமில் போய் உட்கார்ந்த பிறகு என்ன பேசுவது என்று கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு முதல் கார். மாமியாரையும் சேர்த்து ஐந்து பேர். 35,000 ரூபாய் தள்ளுபடி போட்டு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள், போட்டோ இணைத்திருக்கிறேன். இன்னும் எவ்வளவு குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தள்ளுபடியை அப்படியே விடுங்கள். அதற்கு மேலே இருக்கும் வரிகளைப் படிக்கலாம், பணம் அங்கேதான் போகிறது. ஷோரூம் விலை 8,60,000. இது கம்பெனி வைத்த விலை, ஜி.எஸ்.டி. இதற்குள்ளேயே அடங்கிவிட்டது. அடுத்தது ஆயுள் வரி, அதாவது பதியும்போது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரி, 1,11,800. தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம், கணக்கு சரியாக இருக்கிறது. இந்த இரண்டிலும் பேரம் கிடையாது.

அதற்குக் கீழே வாருங்கள். ‘ஆர்.டி.ஓ. செலவு 7,500’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய், கடனில் எடுத்தால் ஹைப்பாத்திகேஷன் (வண்டி வங்கிக் கடனில் இருக்கிறது என்ற குறிப்பு) பதிய 1,500. சாலைப் பாதுகாப்பு வரி, ஸ்மார்ட் கார்டு என்று இன்னும் சில உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எது எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிக் கொடுங்கள், ரசீதும் வேண்டும் என்று சொன்னாலே இந்தத் தொகை கொஞ்சம் இளைக்கும். நம்பர் பிளேட்டுக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டின் விலை வண்டி விலையிலேயே சேர்ந்துவிட்டது.

‘ஹேண்ட்லிங் சார்ஜ் 9,500’. தொழிற்சாலையிலிருந்து வண்டியை ஷோரூமுக்குக் கொண்டுவரும் செலவு என்பார்கள். சில இடங்களில் லாஜிஸ்டிக்ஸ் என்று இதற்கு வேறு பெயர். அந்தச் செலவெல்லாம் ஷோரூம் விலைக்குள் வந்துவிட்ட ஒன்று. கம்பெனி விலைப்பட்டியலில் இந்தச் செலவு இருக்கிறதா, காட்டுங்கள் என்று கேளுங்கள். நேரே எடுத்துவிடுவார்கள், இல்லையென்றால் மேனேஜரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று உள்ளே போவார்கள். எப்படியும் போய்விடும்.

‘எசென்ஷியல் கிட் 14,990’: மேட், மட் ஃபிளாப், பாடி கவர், ஒரு சென்ட் பாட்டில், சின்னதாக ஒரு பிள்ளையார். இதே சாமான்களை வெளிக்கடையில் விசாரித்துவிட்டுப் போங்கள், பேச்சே மாறிவிடும். ‘டெஃப்லான் கோட்டிங் 8,500’: பெயின்ட் மேலே பூசுவது, புது வண்டிக்கு இப்போதே அவசியமில்லை. ‘எக்ஸ்டெண்டட் வாரண்டி 17,500’ மட்டும் நல்ல விஷயம். ஆனால் பெரும்பாலான கம்பெனிகளில் அசல் வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். தள்ளிப்போட்டால் விலை ஏறும், அவ்வளவுதான்.

ஹேண்ட்லிங், கிட், கோட்டிங் மூன்றையும் கூட்டுங்கள்: 32,990. உங்களுக்குத் தந்த தள்ளுபடி 35,000. வலது கையால் கொடுத்து இடது கையால் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் ‘இன்னும் எவ்வளவு குறைப்பீர்கள்’ என்று ஆரம்பிக்காதீர்கள் என்கிறேன். இந்தச் செலவுகளை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, கடைசியில் ‘ஆன்-ரோடு (எல்லாம் சேர்த்து) இவ்வளவுக்குத் தந்தால் இன்றைக்கே அட்வான்ஸ்’ என்று ஒரே ஒரு தொகையைச் சொல்லுங்கள். அதே கம்பெனியின் இன்னொரு டீலரிடமும் இதேபோல் பிரித்து எழுதிய கொட்டேஷன் வாங்கி வைத்துக்கொண்டு பேசினால் இன்னும் நல்லது. திண்டுக்கல்லில் ஒரே டீலர்தான் என்றால் மதுரை தூரமில்லை.

கேள்வி: வெளியே இன்சூரன்ஸ் எடுத்தால் 14,000 குறைகிறது. ஷோரூமில் சொன்னால், ‘அப்படியானால் தள்ளுபடியில் 10,000 குறைப்போம், கிளெய்முக்கு எங்களிடம் வராதீர்கள்’ என்கிறார்கள். இது சரியா?
– வாசகர், விருதுநகர்

பதில்: சரியில்லை. எங்களிடம்தான் பாலிசி எடுக்க வேண்டும் என்று எந்த டீலரும் கட்டாயப்படுத்த முடியாது. கிளெய்ம் பற்றிச் சொன்னது வெறும் மிரட்டல். பணம் கட்டாமல் வண்டியைச் சரிசெய்யும் வசதி, அந்த ஒர்க்‌ஷாப் உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியின் பட்டியலில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பாலிசியை யார் மூலம் எடுத்தீர்கள் என்று அங்கே பார்ப்பதில்லை.

ஆனால் சண்டை வேண்டாம். வெளி கொட்டேஷனைக் காட்டி, ‘இதே விலைக்குப் போட்டால் உங்களிடமே எடுக்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். இன்சூரன்ஸில் அவர்களுக்குக் கமிஷன் இருக்கிறது, பெரும்பாலும் இறங்கி வருவார்கள். ஒப்பிடும்போது ஒன்றில் உஷாராக இருங்கள். ஐ.டி.வி. என்கிற வண்டி மதிப்பு இரண்டு கொட்டேஷனிலும் ஒன்றாக இருக்க வேண்டும். புது வண்டிக்கு அது ஷோரூம் விலையில் 95 சதவீதத்தை ஒட்டி வரும். மதிப்பைக் குறைத்துப் போட்டு பிரீமியம் மலிவு என்று காட்டுவது பழைய வித்தை. மூன்றாம் நபர் காப்பீடு புது காருக்கு 3 வருடத்துக்கும் சேர்த்துத்தான், 2018 செப்டம்பரிலிருந்து அப்படித்தான். சொந்த சேதத்துக்கான பாலிசி ஒரு வருடம் போதும். பம்பர்-டு-பம்பர், அதாவது மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத பாலிசி, சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கும் தெருவில் வீடு என்றால் இன்ஜின் பாதுகாப்பும் வேண்டும், சென்னைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பழைய கார் இருந்து, அதில் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியதற்கான தள்ளுபடி (என்.சி.பி.) இருந்தால் அதைப் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். அதிகபட்சம் 50 சதவீதம், சொந்த சேத பிரீமியத்தில் கழியும். பழைய வண்டியை விற்ற ஆதாரத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்க வேண்டும். இதை டீலர் ஞாபகப்படுத்த மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: நடு வேரியன்ட் 9,98,000. சன்ரூஃப் உள்ள அடுத்தது 10,40,000. ‘42,000தானே சார், மாதத் தவணையில் தெரியவே தெரியாது’ என்கிறார் சேல்ஸ்மேன். பிள்ளைகளும் சன்ரூஃப் கேட்கிறார்கள்.
– வாசகர், ஈரோடு

பதில்: 42,000 இல்லை சார், கிட்டத்தட்ட ஒரு லட்சம். 10 லட்சம் தாண்டினால் ஆயுள் வரி 13-லிருந்து 18 சதவீதமாகிவிடுகிறது, 2023 நவம்பரில் வந்த மாற்றம் இது. 9,98,000-க்கு வரி 1,29,740. 10,40,000-க்கு 1,87,200. வரியிலேயே 57,460 கூடுகிறது. அதற்கு மேல் 10 லட்சம் தாண்டிய வண்டிக்கு 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். உங்களுக்கு 10,400 வரும். அது செலவில்லை, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், வரி கட்ட வேண்டியதில்லை என்றால் திரும்ப வாங்கலாம். ஆனால் பான் எண்ணைச் சரியாகக் கொடுத்திருக்க வேண்டும், இப்போது கையிலிருந்தும் கட்டியாக வேண்டும்.

நம் வெயிலில் சன்ரூஃபை எத்தனை நாள் திறப்பீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். மேல் வேரியன்ட்டில் ஏர்பேக்கோ வேறு பாதுகாப்பு வசதியோ கூடுதலாக இருந்தால் அது வேறு பேச்சு, அதற்கு லட்சம் கொடுக்கலாம்.

கேள்வி: ஆடியில் வாங்கினால் மலிவு என்கிறார் நண்பர். அம்மா ஆடியில் வண்டி வீட்டுக்கு வரக்கூடாது என்கிறார். என்ன செய்ய?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் நடக்கும். நம் ஊரில் ஆடியிலும் மார்கழியிலும் ஷோரூமில் கூட்டம் குறைவு, மாத டார்கெட் மட்டும் குறைவதில்லை. அதனால் அந்த மாதங்களின் கடைசி வாரத்தில் மேனேஜரின் குரலே இதமாக இருக்கும். ஆயுத பூஜைக்கும் அட்சய திருதியைக்கும் போனால் உங்களைக் கவனிக்கவே ஆள் இருக்காது. பேரத்தை ஆடியில் முடித்து, பில் போட்டுப் பதிவும் செய்துவிட்டு, ஆவணியில் நல்ல நாள் பார்த்து எடுத்துக்கொள்கிறேன் என்றால் பல டீலர்கள் ஒப்புக்கொள்வார்கள். வண்டி எங்கே நிற்கும் என்று மட்டும் கேளுங்கள். எலி ஒயரைக் கடிக்கும் இடமாக இருந்தால் ஆடித் தள்ளுபடி அங்கேயே கரைந்துவிடும். இன்சூரன்ஸ் பாலிசியும் எடுத்த நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும்.

மார்கழிக்கு இன்னொரு கணக்கு உண்டு. டிசம்பரில் தயாரான வண்டி ஜனவரி பிறந்ததும் ‘போன வருஷ மாடல்’ ஆகிவிடும். விற்கும்போது தயாரிப்பு வருடத்தைத்தான் பார்ப்பார்கள். பத்து வருடம் வைத்து ஓட்டப்போகிறீர்கள் என்றால் தைரியமாக எடுங்கள், அதற்காக நல்ல தொகையாகக் குறைக்கச் சொல்லியும் கேளுங்கள். மூன்று வருடத்தில் மாற்றுகிற ஆளாக இருந்தால் வேண்டாம்.

கேள்வி: எக்ஸ்சேஞ்சில் என் பழைய காருக்கு 2.10 லட்சம் சொல்கிறார்கள், போனஸ் 20,000 தனி. நியாயமான விலையா?
– வாசகர், கரூர்

பதில்: வண்டியைப் பார்க்காமல் சொல்ல முடியாது. வெளியே இரண்டு மூன்று இடத்தில், ஊர் புரோக்கரையும் சேர்த்து, விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெளியே 2.40 லட்சம் கிடைத்தால் போனஸைச் சேர்த்தும் உங்களுக்கு 10,000 நஷ்டம். பழைய வண்டிப் பேச்சையும் புது வண்டிப் பேச்சையும் ஒன்றாகக் கலக்க விடாதீர்கள். புது வண்டி விலை முடிவான பிறகுதான் பழைய வண்டி இருப்பதே அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

யாருக்கு விற்றாலும் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்துப் போட்டதோடு மறந்துவிடாதீர்கள், ஆர்.சி. பெயர் மாறியதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது.

கேள்வி: 8 லட்சம் கடன். 7 வருடம் போட்டால் தவணை குறைவு என்கிறார்கள். போடலாமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் 7 வருடத்துக்கு மாதம் 12,871, மொத்த வட்டி சுமார் 2.81 லட்சம். 5 வருடத்துக்கு மாதம் 16,607, வட்டி 1.96 லட்சம். 85,000 ரூபாய் வித்தியாசம். ஷோரூமில் இதைவிடப் பெரிய தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் முதலில் கேட்டுவிட்டு அப்புறம் ஷோரூம் வங்கிக்காரரிடம் பேசுங்கள். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: வண்டி என் பெயரில், பணம் என்னுடையது, ஓட்டப்போவதும் நான். ஆனால் சேல்ஸ்மேன் விலையை என் கணவரிடமே சொல்கிறார்.
– வாசகி, கோவை

பதில்: அடுத்த முறை கணவரை வீட்டில் விட்டுவிட்டுத் தோழியோடு போங்கள். அதே ஷோரூம் என்றால் வேறு ஆளைக் கேளுங்கள். விற்பனைக்கான இன்சென்டிவ் வேறு ஆளுக்குப் போகிறது என்று தெரிந்தால் மரியாதை தானாக வரும்.

கேள்வி: புதுச்சேரி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே உறவினர் முகவரியில் பதிந்தால் வரி மிச்சமாமே?
– வாசகர், கடலூர்

பதில்: வேண்டாம். குடியிருப்பதும் ஓட்டுவதும் கடலூரில் என்றால் வரி இங்கேதான் கட்ட வேண்டும். செக்கிங்கில் மாட்டினால் மிச்சம் பிடித்தது எல்லாம் போகும். புதுச்சேரி டீலரிடம் விலை நன்றாக இருந்தால் அங்கே வாங்கி, தற்காலிகப் பதிவில் கொண்டுவந்து இங்கே பதியலாம். அதில் தப்பில்லை.

கேள்வி: அட்வான்ஸை சேல்ஸ்மேன் தன் ஜிபே நம்பருக்குப் போடச் சொல்கிறார். போடலாமா? டெலிவரிக்கு முன் என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: போடவே போடாதீர்கள், எவ்வளவு நல்ல பையனாக இருந்தாலும். டீலர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்பி, அன்றே ரசீது வாங்குங்கள். ரசீதில் வேரியன்ட், நிறம், ஒப்புக்கொண்ட ஆன்-ரோடு விலை மூன்றும் இருக்கட்டும். ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை புக்கிங் படிவத்தின் பின்பக்கத்தில் படியுங்கள்.

வண்டியைப் பார்ப்பதைப் பதிவுக்கு முன்பே, முழுப் பணம் கட்டுவதற்கு முன்பே செய்யுங்கள். பதிவானபின் கீறல் இருக்கிறது என்றால் பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்பதோடு முடிந்துவிடும். பகல் வெளிச்சத்தில் போங்கள், யார்டு ஊருக்கு வெளியே இருந்தாலும். தண்ணீர் ஊற்றிக் கழுவிய உடனே காட்டினால் காயும்வரை காத்திருங்கள், ஈரத்தில் கீறல் தெரியாது. சேசிஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு பில்லோடு ஒப்பிடுங்கள். விற்பனைச் சான்றான படிவம் 21-ல் தயாரிப்பு மாதமும் வருடமும் இருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் சொல்லும். நான்கு டயரும் ஒரே காலத்தவையா என்று பாருங்கள், ஸ்டெப்னியை மறக்காதீர்கள். ஓடிய கிலோமீட்டர் நூற்றுக்கணக்கில் இருந்தால் அது டெஸ்ட் டிரைவ் வண்டியாக இருக்கலாம், வேறு கேளுங்கள். ஏ.சி., எல்லாக் கண்ணாடி, ஹாரன், வைப்பர், இரண்டு சாவி. டெலிவரி அன்று கேக் வெட்டி போட்டோ எடுக்கும் அவசரத்தில் இரண்டாவது சாவியை விட்டுவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.