விண்டோஸ் அப்டேட்: நிறுத்துவதா, நேரத்தை மாற்றுவதா? (கேள்வி பதில்)

வீட்டுக் கணினியில் விண்டோஸ் தானாக அப்டேட் ஆவதைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி ஒரே கேள்விதான். அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: விண்டோஸ் 11 ஹோம் வைத்திருக்கிறேன். அப்டேட்டை ஒரேயடியாக நிறுத்த வழி சொல்லுங்கள் சார்.

ஹோம் பதிப்பில் அதற்குப் பட்டன் கிடையாது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'பாஸ் அப்டேட்ஸ்' இருக்கிறது. அதில் ஐந்து வாரம் வரை தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். வீடியோக்களில் காட்டுகிறார்களே என்று சர்வீசஸ் (பின்னணியில் ஓடும் நிரல்களின் பட்டியல்) பகுதிக்குப் போய் அப்டேட் சர்வீஸை டிசேபிள் செய்தாலும் நிலைக்காது. அப்டேட் வசதியைப் பழுதுபார்ப்பதற்கென்றே இன்னொரு சர்வீஸ் பின்னணியில் ஓடுகிறது, அது மறுபடி இயக்கிவிடும். அதையும் மீறி நிறுத்தித் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களை இறக்காதீர்கள். யார் எழுதியது என்றே தெரியாத ஒன்றுக்கு அட்மின் அனுமதி கொடுப்பது அப்டேட்டைவிடப் பெரிய ஆபத்து.

ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீநிரலின் தாக்குதல் நடந்த விதம் அப்படி. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. தாக்குதல் வந்தது மே 12. நடுவில் ஏறக்குறைய இரண்டு மாதம் இருந்தது. மாட்டியவற்றில் பெரும்பாலானவை அந்த அப்டேட்டைப் போடாத விண்டோஸ் 7 கணினிகள். பிரிட்டனில் மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. ஒரு அப்டேட் வெளியானதும் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து, எங்கே ஓட்டை இருந்தது என்று கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் அப்டேட் வந்தபின் அதைப் போடாமல் இருக்கும் நாட்கள்தான் முன்பைவிட ஆபத்தானவை.

கேள்வி: ஆன்லைன் வகுப்பு எடுக்கிறேன். நடுவில் ரீஸ்டார்ட் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' இருக்கிறது அம்மா. கணினியே கணிக்கட்டும் என்று விடாமல் நீங்களே நேரத்தைக் குறியுங்கள். அதிகபட்சம் 18 மணி நேரம் கொடுக்கலாம். காலை 6 முதல் இரவு 12 வரை வைத்தால் அந்த நேரத்தில் அது தானாக ரீஸ்டார்ட் ஆகாது. மாதந்தோறும் வரும் பாதுகாப்பு அப்டேட் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகிறது. நமக்கு அன்று இரவு ஆகிவிடும். ஆகவே புதன் அல்லது வியாழன் வகுப்பு முடிந்ததும் நீங்களே ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டால் அந்த மாதத்துக்கு இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது.

கேள்வி: மொபைல் ஹாட்ஸ்பாட்டில்தான் இணையம். அன்றாட டேட்டா முழுவதையும் அப்டேட் தின்றுவிடுகிறது.

ஹாட்ஸ்பாட்டோடு இணைந்தபின் அந்த வைஃபையின் ப்ராபர்ட்டீஸில் 'மீட்டர்ட் கனெக்ஷன்' (அளவான டேட்டா உள்ள இணைப்பு) என்பதை ஆன் செய்யுங்கள். பெரும்பாலான அப்டேட்கள் காத்திருக்கும். அப்புறம் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் இறக்கிய அப்டேட்டை மற்றவர்களின் கணினிகளுக்குப் பகிரும் வசதி அது. அதை அணைத்துவிடுங்கள். ஆனால் மீட்டர்டில் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. மாதம் ஒருமுறையாவது பிராட்பேண்ட் இருக்கும் வீட்டுக்கு லேப்டாப்பை எடுத்துப்போய் அப்டேட் போடுங்கள்.

கேள்வி: 2018 அக்டோபர் அப்டேட் பலருடைய கோப்புகளை அழித்ததே! தானாக வருவதை நம்பச் சொல்வது நியாயமா?

அழித்தது உண்மை. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு அக்டோபர் 2 அன்று வெளியானது. புகார்கள் குவிந்ததும் 6ஆம் தேதி நிறுத்தினார்கள், திருத்தி மறுபடி வெளியிட நவம்பர் 13 ஆயிற்று. டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு டிரைவுக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்திலும் கோப்புகளை விட்டுவைத்திருந்தவர்களுக்குத்தான் அடி. பழைய ஃபோல்டர் காலியாக இருக்கும் என்று நினைத்து அப்டேட் அதைத் துடைத்துவிட்டது. பாதிக்கப்பட்டோர் பத்தாயிரத்தில் ஒருவர் என்றது மைக்ரோசாஃப்ட். பிள்ளையின் படங்களை இழந்தவருக்கு அந்தக் கணக்கால் ஆறுதல் இல்லை.

ஆனால் இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த நாலு நாளில் இதைப் பெற்றவர்கள், தாங்களாகப் போய் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' அழுத்தியவர்கள். தானாக வரவேண்டிய முறை அக்டோபர் 9க்குப் பிறகுதான். சும்மா காத்திருந்தவர் தப்பித்தார். எனவே உங்கள் உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது: மாதப் பாதுகாப்பு அப்டேட் தானாக வரட்டும், புதிய பதிப்பை மட்டும் முந்திக்கொண்டு வாங்காதீர்கள். 'புதியவை வந்தவுடன் வேண்டும்' என்று கேட்கும் ஸ்விட்சை அணைத்தே வையுங்கள்.

அதே நண்பர்: 2024 ஜூலையில் உலகமெங்கும் நீலத்திரை வந்ததே, அதுவும் தானியங்கி அப்டேட்தானே?

தானியங்கிதான், ஆனால் விண்டோஸ் அப்டேட் அல்ல. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் தனக்குத் தானே அனுப்பிக்கொண்ட கோப்பு. சுமார் 85 லட்சம் கணினிகள் முடங்கின. அது பெரிய நிறுவனங்கள் வாங்கும் மென்பொருள், வீட்டுக் கணினியில் இருக்காது. விண்டோஸில் நீங்கள் எந்த ஸ்விட்சை அணைத்திருந்தாலும் அது நின்றிருக்காது.

இன்னொருவர்: எப்படிப் பார்த்தாலும் ஆபத்து, நிறுத்துவதே மேல் என்று அவர் சொல்வது சரிதானே?

இல்லை. மோசமான அப்டேட்டால் வரும் நஷ்டத்தை பேக்கப் வைத்துச் சரிக்கட்டலாம். பாஸ்வேர்டும் வங்கி விவரமும் திருடுபோனால் பேக்கப் என்ன செய்யும்? வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி, முக்கியமானவற்றை அதில் போட்டு, கழற்றி வையுங்கள். செருகியபடியே விட்டால் வான்னாக்ரை மாதிரி ஒன்று அதையும் பூட்டிவிடும்.

கேள்வி: விண்டோஸ் 10இல் இருக்கிறேன். என்ன செய்வது?

அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புத் திட்டம் அறிவித்தார்கள். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரலாம்.

கேள்வி: அப்டேட்டை நிரந்தரமாக ஆஃப் செய்வது எப்படி?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அப்டேட் நடுவில் கரண்ட் போனால்?

லேப்டாப் என்றால் சார்ஜரில் போட்டபின் ஆரம்பியுங்கள். டெஸ்க்டாப்புக்கு யூபிஎஸ் வேண்டும். போய்விட்டால் பயப்படாதீர்கள், திரும்ப ஆன் செய்யும்போது பெரும்பாலும் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். சதவீதம் நகரவில்லை என்று நீங்களே பவர் பட்டனை அழுத்தி அணைப்பதுதான் கூடாது. பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் மணிக்கணக்கிலும் ஆகும், பொறுத்திருங்கள். பேக்கப் இருக்கிறதுதானே?

கேள்வி: அப்டேட் ஆனபின் பிரிண்டர் வேலை செய்யவில்லை.

பிரிண்டர் கம்பெனியின் தளத்தில் புதிய டிரைவரை (பிரிண்டரைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) பாருங்கள். மாடல் தெரியாமல் இதற்குமேல் சொல்ல முடியாது.

கேள்வி: நிறுத்த ஏதாவது ஒரு மென்பொருள் பெயராவது சொல்லுங்கள் அண்ணா.

சொல்ல மாட்டேன் தம்பி. காரணம் முதல் பதிலிலேயே இருக்கிறது.

கேள்வி: ரீஸ்டார்ட் ஆனதும் நீலப் பக்கம் வந்து 48 இலக்க எண் கேட்கிறது. வைரஸா?

வைரஸ் இல்லை. உங்கள் டிஸ்க், பிட்லாக்கர் என்ற விண்டோஸின் பூட்டு வசதியால் பூட்டப்பட்டிருக்கிறது. பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகு சில சமயம் இப்படிக் கேட்கும். கணினியை முதலில் தயார் செய்தபோது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் அந்த எண் அங்கேயே இருக்கும். மொபைலில் அந்தக் கணக்கைத் திறந்து, டிவைசஸ் பகுதியில் ரெக்கவரி கீ என்று தேடுங்கள். திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எழுத்துகளோடு ஒத்துப்போகும் எண்ணைத்தான் போட வேண்டும். பழைய கணினியின் எண்ணும் அதே பட்டியலில் இருக்கலாம். கடைக்காரர் தன் கணக்கில் தயார் செய்து கொடுத்திருந்தால் இன்றே அவரிடம் கேளுங்கள். எண் கிடைக்கும்வரை யார் சொன்னாலும் ஃபார்மட் செய்ய விடாதீர்கள்.