பனிக்கட்டித் தொட்டி, அஸ்வகந்தா மிட்டாய், தூக்கம் அளக்கும் மோதிரம்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

கேட்டவர் பினாங்குக்காரர், வயது 44. அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் இனிப்பு நீர் (நீரிழிவு). தனக்கு இன்னும் வரவில்லை என்கிறார். ஆனால் தூக்கம் சரியில்லை, மனமும் களைத்துக் கிடக்கிறது. கைப்பேசியைத் திறந்தால் ஒருவர் பனிக்கட்டித் தொட்டியில் உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் மாத்திரை விற்கிறார். எதைத் தொடங்கலாம், எதை விடலாம் என்பது கேள்வி.

நான் ஜார்ஜ்டவுனில் மருந்தாளுநர். அதனால் என் பார்வை கொஞ்சம் ஒருபக்கமாகத்தான் இருக்கும். புதுப் பழக்கம் எதைப் பற்றிக் கேட்டாலும், "ஏற்கனவே என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பேன். காணொளியில் பேசுகிறவருக்கு உங்கள் வீட்டு மருந்துப் பை தெரியாது. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, 29.2 விழுக்காட்டினருக்கு ரத்தக் கொதிப்பு, மூன்றில் ஒருவருக்குக் கொழுப்பு அதிகம். இன வாரியாகப் பார்த்தால் இனிப்பு நீரில் இந்தியர்களான நாம்தான் முன்னால் நிற்கிறோம். வேறு எதிலாவது முதலிடம் வாங்கியிருக்கலாம்.

ஆகவே உங்களுக்கு முதல் செலவு மோதிரமும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். ஓர் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியை அது காட்டும். 5.7 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. மலேசிய மருத்துவ வழிகாட்டியில் 6.3-இலிருந்து நீரிழிவு. நடுவில் இருந்தால்தான் இனி சொல்லப் போகிறவற்றுக்கு அதிகப் பலன். "எனக்கு இன்னும் இல்லை" என்று சொல்பவர்களில் பாதிப்பேர் சோதித்துப் பார்க்காதவர்கள் என்பது கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று நான் வந்த முடிவு.

இப்போது பரவுவதில் எனக்கு மிகவும் பிடித்தது, சாப்பிட்டவுடன் நடப்பது. இதற்கு யாரும் காசு கேட்க முடியாது என்பதால் விளம்பரமும் குறைவு. கால் தசை வேலை செய்யும்போது ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் பத்து பதினைந்து நிமிடம் சாதாரண நடை போதும். நாசி கண்டார் கடையில் குழம்பை வெள்ளமாக ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு நேராகக் காரில் ஏறிப் படுக்கைக்குப் போகிறோமே, அந்த இடைவெளியில்தான் இதை நுழைக்க வேண்டும். காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். அடுக்குமாடி என்றால் கீழே கார் நிறுத்துமிடத்தில் சுற்றுங்கள். பத்தாயிரம் காலடி எண்ண வேண்டுமா என்றால், வேண்டாம். அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி அளக்கும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. ஏழாயிரம் அளவிலேயே பலனின் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது என்றுதான் பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையை அளக்கும் பட்டையும் இப்போது நோயில்லாதவர்களிடம் பரவிவிட்டது. 2024-இல் அமெரிக்காவில் மருந்துச்சீட்டு இல்லாமலே விற்க அனுமதி கொடுத்தார்கள். குடும்பத்தில் நோய் இருப்பதால் உங்களுக்கு ஒரே ஒரு முறை ஒட்டிப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ரொட்டி சானாயும் தே தாரேயும் சேர்ந்து என்ன செய்கின்றன, பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் குடித்தால் என்ன ஆகிறது என்று கண்ணால் பார்த்தவர் மறக்க மாட்டார். மாதா மாதம் ஒட்டிக்கொண்டு, வாழைப்பழத்தைப் பார்த்துப் பயப்படும் நிலைக்குப் போக வேண்டாம்.

தூக்கத்துக்கு வருவோம். "எழுந்தவுடன் வெயிலில் நில்" என்பது இன்று எல்லோரும் சொல்லும் அறிவுரை. காலை வெளிச்சம் உடலின் உள்கடிகாரத்தை ஒழுங்குபடுத்தும் என்பது உண்மை. ஆனால் இங்கே ஆறு மணிக்கு எழுந்தால் வெளியே இருட்டு. 1982 சனவரி முதல் தேதி, சபா, சரவாக்கோடு ஒத்துப்போக மேற்கு மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அதனால் பினாங்கில் ஏறக்குறைய ஏழு மணிக்குப் பிறகே விடிகிறது. அந்த நேரம் பாதிப்பேர் பாலத்திலோ விரைவுச்சாலையிலோ கறுப்புக் கண்ணாடி ஒட்டிய காருக்குள் இருப்பார்கள். வேலையிடத்துக்குப் போனதும், உள்ளே நுழையும் முன் பத்து நிமிடம் வெளியே நிற்பது அல்லது காலைப் பசியாறலை ஐந்தடிப் பாதையோரம் முடிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். சனி, ஞாயிறு என்றால் தண்ணீர்மலை இருக்கிறது, 513 படி. பக்கத்திலேயே 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. அங்கிருந்து கொடிமலை உச்சிக்குப் போகும் ஐந்து கிலோமீட்டர் தார்ச்சாலை செங்குத்தானது. முட்டி வலி உள்ளவர்கள் ஏறிவிட்டு ரயிலில் இறங்கினால் நல்லது, இறக்கம்தான் முட்டியைக் கடிக்கும்.

தூக்கம் அளக்கும் மோதிரமும் கடிகாரமும் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும். ஆழ்ந்த தூக்கம் இவ்வளவு, கனவுத் தூக்கம் இவ்வளவு என்று பிரித்துக் காட்டுவதை அப்படியே நம்பாதீர்கள். காலையில் மதிப்பெண் குறைந்திருந்தால் நன்றாகத் தூங்கியவருக்கும் களைப்பு வந்துவிடுகிறது. இந்தக் கவலைக்கே 2017-இல் ஆய்வாளர்கள் தனிப் பெயர் சூட்டினார்கள். உங்களைக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறுவதாகத் துணைவர் சொல்கிறாரா? அப்படியென்றால் மோதிரத்துக்கு எடுத்து வைத்த காசைத் தூக்கப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

மாத்திரை, மிட்டாய், பொடி வகையறா என் தொழிலுக்குள் வருவதால் இங்கே கொஞ்சம் நீட்டுகிறேன்.

அஸ்வகந்தா. "நம்ம ஊர் மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்று ஆண்ட்டிமார் சொல்வார்கள். மன அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் சிறிய அளவில் பலன் காட்டிய ஆய்வுகள் இருக்கின்றன. அதே மூலிகை தைராய்டு சுரப்பைக் கூட்டலாம், சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையை மேலும் இறக்கலாம், தூக்க மாத்திரையின் மயக்கத்தைக் கூட்டலாம். அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023-இல் தடையே போட்டது. கர்ப்பிணிகள் தொடக்கூடாது. உங்கள் அம்மா தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறார் என்றால் நீங்கள் வாங்கும் புட்டியை அவர் கண்ணில் படாமல் வையுங்கள். நம் வீடுகளில் ஒருவர் வாங்குவதை எல்லோரும் சாப்பிடுவோம்.

மெக்னீசியம் இந்த ஆண்டுகளின் செல்லப்பிள்ளை. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குப் பெரிய கெடுதல் இல்லை, சில வகைகள் வயிற்றைக் கலக்கும், அவ்வளவுதான். சிறுநீரகம் பலவீனமானவருக்கு அது உடம்பில் தேங்கும். பல ஆண்டு இனிப்பு நீர் உள்ளவரின் சிறுநீரகத்தைச் சோதிக்காமல் கொடுக்காதீர்கள். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

எதை வாங்கினாலும் புட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பாருங்கள். இலக்கங்களுக்கு அடுத்து வரும் எழுத்து 'டி' என்றால் பாரம்பரிய மருந்து, 'என்' என்றால் ஊட்டச்சத்துப் பொருள். அந்த எண்ணை தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏ-வின் இணையத்தளத்தில் தட்டினால் பொருளின் பெயர் வர வேண்டும். வராவிட்டால் அது யாரோ அச்சடித்த எண். பதிவு என்பது தரமும் பாதுகாப்பும் பார்க்கப்பட்டது என்பதற்கான அடையாளம். நோயைக் குணமாக்கும் என்ற சான்றிதழாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். மூட்டுவலி மூலிகை என்ற பெயரில் டெக்சாமெதசோன் ஸ்டீராய்டு, மெலியும் பானத்தில் சிபுட்ராமின், ஆண்மைக் காப்பியில் தடாலாஃபில் என்று கலப்படம் பிடிபடுவது இங்கே பழைய கதை. 'இரண்டே நாளில் வலி போச்சு' என்று ஒரு மூலிகையைப் புகழ்ந்தால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். உடல் மெலிய ஊசி போட நினைத்தால் மருத்துவர் வழியாக மட்டும் போங்கள். வாட்ஸ்அப்பில் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது நமக்குப் புதிதே இல்லை. தைப்பூசத்துக்கு விரதம் இருக்கும் குடும்பத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்களுக்குச் செய்யலாம். அப்பா அம்மா சேர்ந்து செய்தால் பிரச்சினை. கிளிக்லசைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், மயக்கம் வரும். நோன்பு மாதத்துக்கு முன் முஸ்லிம் நோயாளிகளுக்கு மருந்தளவை மாற்றித் தருவது கிளினிக்குகளில் வழக்கமாக நடக்கிறது. நாமும் விரதத்துக்கு முன் அப்படிக் கேட்கலாம். கேட்பதே இல்லை.

பனிக்கட்டித் தொட்டி? இறங்கியதும் கிடைக்கும் விறுவிறுப்பு உண்மைதான். அந்த முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில் மூச்சு இழுக்கும், இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று ஏறும். இதய நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள். பளு தூக்கிய உடனே இறங்கினால் தசை வளர்ச்சி குறைகிறது என்பதும் தெரிந்ததே. பளு தூக்குவதை விட்டுவிடாதீர்கள், நாற்பதுக்குப் பிறகு வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி அவசியம், பெண்களுக்கும்தான்.

மட்டையால் பந்தடிக்கும் பிக்கிள்பால் விளையாட்டுக்கு என் முழு ஆதரவு, அக்கம்பக்கத்தார் சத்தத்துக்குத் திட்டினாலும். நண்பர்கள் காத்திருப்பார்கள் என்பதால் போயே ஆக வேண்டும், அதில்தான் அதன் பலம். குதிகால் தசைநாரைச் சூடுபடுத்திவிட்டு இறங்குங்கள். கிண்ணங்களைத் தட்டி ஒலிக்குளியல் நடத்துகிறார்களே, அந்தக் கிண்ணங்களுக்கு மருத்துவ சக்தி இருப்பதாக நான் நம்பவில்லை. ஒரு மணி நேரம் கைப்பேசி இல்லாமல் படுத்திருக்கக் கட்டணம் என்று நினைத்தால் மோசமில்லை.

மூச்சுப் பயிற்சியில் மட்டும் ஒரு வேறுபாடு பாருங்கள். மெதுவாக, வெளிமூச்சை நீட்டி விடுவது படபடப்பைத் தணிக்கும், யாரும் செய்யலாம். வேகவேகமாக மூச்சிரைக்கும் வகையை வலிப்பு, இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். தண்ணீருக்குள் யாருமே செய்யக்கூடாது. மூச்சுப் பயிற்சியை மேற்கத்தியச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: பத்தமடையில் பிறந்த யோக குரு சுவாமி சிவானந்தர் 1913-இலிருந்து பத்தாண்டுகள் சிரம்பானிலும் ஜொகூரிலும் மருத்துவம் பார்த்துவிட்டுத்தான் ரிஷிகேசம் போனார். அவர் வழி வந்த ஆசிரமம் பத்துமலையில் இருக்கிறது.

மனக் களைப்பு இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால், பிடித்ததும் பிடிக்காமல் போனால், மேலே சொன்ன எதுவும் சிகிச்சை ஆகாது. அரசு கிளினிக்கில் கேள்வித்தாள் கொடுத்து மனநலத்தைப் பார்ப்பார்கள், குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. அப்பா அம்மா குறைந்த வருமானப் பிரிவில் இருந்தால் 'பெக்கா பி40' திட்டத்தில் உடல் பரிசோதனையோடு இதுவும் சேர்ந்தே வருகிறது. சுகாதார அமைச்சின் 'ஹீல்' மனநல உதவி எண் 15555. மனம் விட்டுப் பேச உதவும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டப்பிரிவை 2023-இல் நாடாளுமன்றம் நீக்கியது, ஆகவே உதவி கேட்டால் போலீஸ் வரும் என்ற பயம் வேண்டாம். வீட்டில் வேறு யாருக்காவது இந்த எண்கள் தேவைப்பட்டால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே அழைத்துப் பேச வையுங்கள்.