தசைக்குள் ஒரு கட்டு வேலை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தசை எப்படிச் சுருங்குகிறது என்று போன முறை எழுதியதற்கு தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து நிறையக் கேள்விகள். சுருங்கும் வேலையைவிட, சுருங்கும்போது உள்ளே எல்லாம் கலைந்துபோகாமல் பிடித்துவைக்கும் ஆக்டினின் போன்ற புரதங்களைப் பற்றித்தான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதுதான் பிடித்த பகுதி.

ஆக்டின், ஆக்டினின் இரண்டும் ஒன்றா? (மாணவி, காரிமங்கலம்)

இல்லை. பாலக்கோடு பக்கம் தக்காளிக்குக் கொம்பு நட்டு, சணலால் இழுத்துக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பாய். தசைக்குள் இழையாக ஓடும் ஆக்டின் என்ற புரதம்தான் சணல். ஆல்ஃபா ஆக்டினின் கொம்பில் போடும் முடிச்சு. தசை இழையை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் குறுக்கே கோடு கோடாகத் தெரியும். அதில் இசட் கோடு என்பதுதான் இந்த முடிச்சுகள் வரிசையாக இருக்கும் இடம். இரு பக்கத்திலிருந்தும் வரும் ஆக்டின் இழைகளை அங்கே சேர்த்துக் கட்டுகிறது. 1965-இல் ஜப்பானில் எபாஷி தம்பதி இதை விவரித்தார்கள். நமக்கு ஆல்ஃபா ஆக்டினினில் நான்கு வகை உண்டு: 2, 3 தசைக்கு; 1, 4 மற்ற செல்களுக்கு.

போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறேன். ஜீன் டெஸ்ட் எடுத்தால் நான் வேக ஓட்டக்காரனா என்று தெரியுமாமே? (ஊத்தங்கரை)

அவர்கள் பார்ப்பது மூன்றாவது ஆக்டினினின் ஜீனை. இந்தப் புரதம் வேகத் தசை இழைகளில் மட்டும் இருக்கும். அந்த ஜீனில் 577-ஆவது இடத்தில் ஒரு மாற்றம் வந்தால் புரதம் பாதியிலேயே நின்றுவிடும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அப்படியே வந்திருந்தால் அது உடம்பில் இருக்கவே இருக்காது. உலகில் நூறு கோடிப் பேருக்கு மேல் இப்படி இருக்கிறார்கள். அவர்களுக்கு இதனால் எந்த நோயும் இல்லை, இரண்டாவது வகை அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறது. 2003-இல் ஆஸ்திரேலியாவில் உயர்மட்ட ஓட்ட வீரர்களைப் பார்த்தபோது, குறுந்தூரம் ஓடுபவர்களில் இது இல்லாதவர்கள் மிகக் குறைவாக இருந்தார்கள். ஆனால் அது உலகத்தரப் பந்தயத்தில் நூலிழை வித்தியாசம். அந்தப் பணத்துக்கு நல்ல ஷூ வாங்குங்கள்.

தீர்த்தமலை ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் தொடை கல்லாகிவிட்டது. லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டதா? (அரூர்)

அந்த அமிலத்தின் மேல் எல்லாப் பழியும் போடுகிறோம், பாவம். அது ஓய்வெடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வடிந்துவிடும். உங்களைப் படுத்தியது ஏறியது அல்ல, இறங்கியது. படி இறங்கும்போது முன்தொடைத் தசை சுருங்கியபடியே நீள வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே கயிறு இழுக்கிற மாதிரி. அந்த இழுப்பில் இசட் கோடுகள் சில இடங்களில் கலைகின்றன. நேராக இருந்த கோடு மை இழுவியதுபோல ஆகிவிடுவது எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் தெரியும். வலி இரண்டு மூன்று நாள் இருக்கும், உடம்பே சரிசெய்துகொள்ளும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் மட்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ராகி களியும் கொள்ளும் சாப்பிட்டால் ஆக்டினின் கூடுமா? (தேன்கனிக்கோட்டை)

எந்தப் புரதம் சாப்பிட்டாலும் வயிற்றில் அமினோ அமிலமாக உடைந்துவிடும். அதிலிருந்து எதைக் கட்டுவது என்பதை உடம்பு முடிவு செய்யும். கொள்ளில் 100 கிராமுக்கு 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, தாராளமாகச் சாப்பிடுங்கள்.

ஐந்து வயது மகனுக்கு, கல்லீரலுக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. ரொம்ப அதிகம். காமாலை என்று மூன்று மாதமாகக் கீழாநெல்லி கொடுக்கிறோம், குறையவில்லை. ஓடினால் விழுகிறான். (பென்னாகரம்)

கீழாநெல்லியை நிறுத்திவிட்டு ஒன்று செய்யுங்கள். பையனைத் தரையில் உட்காரவைத்து, எதையும் பிடிக்காமல் எழுந்திருக்கச் சொல்லுங்கள். கையைத் தரையில் ஊன்றி, அப்புறம் முழங்காலில், அப்புறம் தொடையில் வைத்து, தன் உடம்பின் மேலேயே ஏறுகிற மாதிரி எழுகிறானா? கெண்டைக்கால் வயசுக்கு மீறிப் பருத்திருக்கிறதா? அப்படியானால் கல்லீரலை விடுங்கள். எஸ்.ஜி.பி.டி. தசையிலிருந்தும் வரும். கல்லீரலுக்குப் பார்க்கும் பிலிருபினும் ஜி.ஜி.டி.யும் சரியாக இருந்தால், தசைச் சேதத்தைக் காட்டும் சி.பி.கே. ரத்தப் பரிசோதனை கேளுங்கள். பணிக்கு வந்த புதிதில் நானே ஒரு குழந்தையைக் கல்லீரல் கேஸ் என்று ஆறு மாதம் பார்த்தேன். அவன் நடந்து உள்ளே வந்ததை ஒரு தடவையாவது கவனித்திருக்கலாம்.

சந்தேகப்படுவது டூஷேன் தசைச்சிதைவு, ஜீன் குறையால் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும் நோய். அதில் இல்லாமல் போவது டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம், ஆக்டினினுக்குப் பங்காளி. இரண்டும் ஸ்பெக்ட்ரின் என்ற புரத வம்சம். ஆக்டினினில் 4 மடிப்புக் கண்ணிகள் என்றால் இதில் 24. உள்ளே இருக்கும் ஆக்டினைத் தசைச் செல்லின் சவ்வோடு பிணைப்பது இதன் வேலை. பிணைப்பு இல்லாவிட்டால் ஒவ்வொரு அசைவிலும் சவ்வு கிழிந்து, சி.பி.கே. வெளியே கசிகிறது. அது 200-க்குள் இருக்க வேண்டியது, இந்தக் குழந்தைகளுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும். உறுதிப்படுத்த ஜீன் பரிசோதனை உண்டு. முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் ஸ்டீராய்டு கொடுத்தால் கூடுதலாகச் சில வருடம் நடக்கிறார்கள். அதனால்தான் காலம் கடத்த வேண்டாம் என்கிறேன்.

அக்கா மகளைக் கட்டியதால்தான் பையனுக்கு டூஷேன் வந்தது என்கிறார்கள். (காவேரிப்பட்டணம்)

டூஷேனைப் பொறுத்தவரை தவறு. டிஸ்ட்ரோஃபின் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பையனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது, ஆகவே சொந்தமோ அசலோ, அப்பா யார் என்பதால் எதுவும் மாறாது. மூன்றில் ஒரு குழந்தைக்குத் தாயிடமும் அந்தக் குறை இருக்காது, புதிதாக உண்டானதாக இருக்கும். உங்கள் மனைவியை யாரும் குறை சொல்லவும் இதில் இடமில்லை. ஆனால் இடுப்பு, தோள் தசைகளைத் தாக்கும் வேறு சில தசைச்சிதைவுகள் இரு பக்கமிருந்தும் வந்தால்தான் தோன்றும். அவற்றுக்குச் சொந்தத்தில் கட்டுவது வாய்ப்பைக் கூட்டும். எனவே எந்த வகை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டூஷேன்தான் என்றால் உங்கள் மனைவிக்கும் அவருடைய சகோதரிகளுக்கும் அடுத்த பிரசவத்துக்கு முன்பே பரிசோதனை செய்யலாம். ஜீனைச் சுமக்கும் பெண்கள் இதயத்துக்கு எக்கோவும் எடுத்துப் பார்க்க வேண்டும். தசைச்சிதைவு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது, மகனுக்கு அடையாள அட்டை வாங்க மறக்காதீர்கள்.