சிறையில் பிள்ளை இருந்தால்: சுங்கை சிப்புட் தோட்டத்து மக்களின் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தோட்டத்துக் குடும்பங்கள் கேட்ட சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெயர்களைப் போடவில்லை.

அண்ணே, அமெரிக்காவில் மாநிலங்களே சிறைச் சட்டத்தைத் திருத்துகின்றனவாம். நம் பேராக் சட்டமன்றத்தில் முடியாதா?

முடியாது தம்பி. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி சிறைச்சாலை கூட்டரசின் பொறுப்பு. 1995ஆம் ஆண்டு சிறைச் சட்டத்தை நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும். அதனால் மனுவை நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள்.

என் மகன் தைப்பிங் சிறையில் இருக்கிறான். உள்ளே அடித்ததாகச் சொல்கிறான். நான் யாரிடம் போவது ஐயா?

அம்மா, முதலில் எழுதுங்கள். ஒரு தாய் என்னிடம் கொண்டுவந்த நோட்டுத் தாளில் "என் பிள்ளைக்கு ரொம்பக் கொடுமை" என்று மட்டும் இருந்தது. அதை வைத்து யாரும் விசாரிக்க முடியாது. எந்தத் தேதி, எந்த நேரம், எந்த பிளாக், உடம்பில் எங்கே காயம், மருத்துவரிடம் காட்டினார்களா, கூட யார் பார்த்தார்கள் என்று மகனிடம் கேட்டு எழுதினோம். அப்புறம்தான் அது புகாரானது.

கைதியின் முறையீட்டைக் கேட்க வருகை நீதிபதிகள் சிறைக்குள் வருவார்கள். மகன் அவர்களிடம் நேரில் சொல்லலாம். வெளியிலிருந்து நீங்கள் போலீஸ் புகார் கொடுங்கள், சுஹாகாம் என்ற மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதுங்கள். பாதிக்கப்பட்டவரின் சார்பில் வேறொருவர் புகார் கொடுக்க அதன் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதே விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் சுஹாகாம் விசாரிக்க முடியாது, அதனால் தாமதிக்காதீர்கள். 2025 ஜனவரியில் தைப்பிங் சிறையில் ஒரு கைதி இறந்த விவகாரத்தில் சுஹாகாம் பொது விசாரணையே நடத்தியது.

என் மனக்குறை ஒன்று உண்டு. சுஹாகாம் பரிந்துரை மட்டுமே செய்ய முடியும். அந்தப் பரிந்துரைக்கு இத்தனை நாளுக்குள் சிறைத்துறை எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டமே கட்டாயப்படுத்த வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரிடம் நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.

சிறைக் குத்தகைகளில் முறைகேடு என்று தெரிந்தால்?

ஆதாரத்தோடு ஊழல் தடுப்பு ஆணையத்திடம் போங்கள். தகவல் தருபவரைக் காக்க 2010ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

தம்பி படிவம் 5 முடிக்காமல் உள்ளே போய்விட்டான். அதன் இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுத முடியுமா?

முடியும். இளம் கைதிகளுக்குக் காஜாங் போன்ற இடங்களில் இந்தெகிரிட்டி பள்ளி என்ற சிறைப் பள்ளி இருக்கிறது. அங்கே படித்து எஸ்பிஎம் எழுதுகிறார்கள். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை நகல், பழைய பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் தேடி எடுத்து, சிறையின் கல்விப் பிரிவில் கேளுங்கள். தோட்டம் மாறி மாறி வந்த குடும்பங்களில் பல பிள்ளைகளுக்கு இந்தக் காகிதங்களே தடையாகின்றன.

அமெரிக்காவில் 1994இல் கைதிகளுக்குக் கல்லூரி உதவித்தொகையை நிறுத்தினார்கள். அது முழுதாகத் திரும்பி வர 2023 ஆனது. ஒரு தலைமுறையின் படிப்பே போயிற்று. இங்கே இருக்கும் வாய்ப்பு சுருங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

மூன்று வருடத் தண்டனை. எப்போது வருவான்?

நன்னடத்தை இருந்தால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1 வருடம், கழியும்; 2 வருடத்தில் வருவான். பாதி முடிந்தபின், 18 மாதத்தில், பரோல், அதாவது நிபந்தனையோடு முன்கூட்டியே விடுதலை, கேட்கலாம். சில குற்றங்களுக்குப் பரோல் கிடையாது. வீட்டில் தங்க இடமும் ஆதரவும் இருக்கிறதா என்று அதிகாரி பார்க்க வருவார். அதற்குள் வேலை கொடுக்க ஒருவர் சம்மதித்தால், கடிதமாக வாங்கி வையுங்கள்.